பள்ளியில் படித்த தொழில் கல்லூரியில் கணக்கில் வருமா? பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதத்தில் வரும். அந்த நேரம் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று கரை முழுக்க விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கையில் காசு புரளாத அந்த நாட்களில்தான் பிள்ளையை அடுத்து எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. "தொழிற்கல்வி குரூப் எடுக்கலாமா சார், இல்ல ஐடிஐயா, பாலிடெக்னிக்கா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஆளுக்கொரு பதில் கிடைக்கிறது. மார்க் குறைந்த பிள்ளைக்குத்தான் தொழிற்கல்வி என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சு எத்தனையோ நல்ல பிள்ளைகளைத் தவறான வகுப்பில் உட்கார வைத்திருக்கிறது.

ஒரு தொழிற்கல்விப் படிப்பு நல்லதா என்று கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். இங்கே படித்ததை அடுத்த இடத்தில் கணக்கில் எடுத்துக்கொள்வார்களா? கட்டடம், மெஷின், விளம்பரப் பலகை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தொழிற்கல்வி என்றால் ஒரு வேலையின் அறிவியலையும் கைத்திறனையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது. தமிழ்நாட்டில் 1978ல் பிளஸ் டூ முறை வந்தபோதே மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்பிரிவும் கூடவே வந்தது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை, கணக்குப்பதிவியலும் தணிக்கையும் என்று பாடங்கள் பல உண்டு. ஆனால் ஒரு பள்ளியில் இவற்றில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். பள்ளிக்கு வெளியே ஐடிஐ இருக்கிறது. எட்டாவது அல்லது பத்தாவது முடித்தவர்கள் அங்கே ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் மாதிரியான டிரேடுகளை ஓராண்டோ ஈராண்டோ படிக்கலாம். பத்தாவது முடித்தவர் பாலிடெக்னிக்கில் 3 ஆண்டு டிப்ளமோ படிக்கலாம். அதற்கு மேல் பொறியியல் கல்லூரி.

இவை தனித்தனியாக எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒன்றோடொன்று சேருகிறதா என்பதுதான் விஷயம். இரண்டு பேர் இரண்டு முனையிலிருந்து வலை பின்னும்போது கண்ணி அளவு ஒத்துவராவிட்டால் நடுவில் சேர்க்க முடியாது. பள்ளியில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தில் பழகிய பையன் கல்லூரிக்குப் போய், லேத் என்றால் என்ன என்ற முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தால், அவனுடைய இரண்டு ஆண்டு உழைப்பை யாருமே பொருட்படுத்தவில்லை என்றுதானே அர்த்தம்?

இந்தச் சேர்ப்பை ஒரு தனி ஏற்பாடாகவே வகுத்துப் பார்த்த நாடு அமெரிக்கா. தொழிற்கல்விக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் பெர்கின்ஸ் சட்டத்தை 1990ல் திருத்தியபோது 'டெக் பிரெப்' என்ற திட்டம் வந்தது. பள்ளியின் கடைசி 2 ஆண்டையும், சமுதாயக் கல்லூரி எனப்படும் அங்குள்ள ஈராண்டுக் கல்லூரியின் 2 ஆண்டையும் சேர்த்து ஒரே 4 ஆண்டுப் படிப்பாகத் திட்டமிட வேண்டும் என்பது அதன் சாரம். அதற்குப் பள்ளி ஆசிரியரும் கல்லூரி ஆசிரியரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எதை யார் சொல்லிக்கொடுப்பது என்று பேசியாக வேண்டும். பேசியதை எழுத்தில் ஒப்பந்தமாகவும் போட்டுக்கொள்வார்கள். பள்ளியில் இன்ன பாடத்தை இன்ன தரத்தில் முடித்தவருக்குக் கல்லூரியில் அந்தப் பாடம் விலக்கு என்று அதில் இருக்கும். சில பாடங்களைப் பள்ளியில் இருக்கும்போதே எழுதி, இரண்டு இடத்திலும் மதிப்பு வாங்கிக்கொள்ளவும் வழி உண்டு. 2006லும் 2018லும் சட்டத்தைப் புதுப்பித்தபோது இந்த இணைப்பை இன்னும் அழுத்தமாகக் கேட்டார்கள். படிப்பு பொதுவான அறிவில் தொடங்கிப் போகப்போகக் குறிப்பிட்ட தொழிலுக்குள் நுழைய வேண்டும், நடுவில் ஏறவும் இறங்கவும் வழி இருக்க வேண்டும், முடிவில் வெளியே மதிக்கப்படும் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்பதெல்லாம் 2018 சட்டத்தில் உள்ள அளவுகோல்கள்.

நம்மிடம் இருக்கும் ஏற்பாட்டை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். கதவுகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிளஸ் டூவில் தொழிற்பிரிவு படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐடிஐ முடித்தவரும் அப்படியே சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். அந்தச் சேர்க்கையைப் பல ஆண்டுகளாக நடத்திவருவது பக்கத்து ஊர்தான், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. பிளஸ் டூ தொழிற்பிரிவிலிருந்து பொறியியலின் முதலாம் ஆண்டில் சேரவும் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாவது முடித்த மண்டபத்துப் பெண் ஒருத்தி அடிப்படை இயந்திரவியல் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் 2 ஆண்டு, டிப்ளமோ 2 ஆண்டு, பி.இ. 3 ஆண்டு, ஆக 7 ஆண்டு. எந்த இடத்திலும் பழைய படிப்பைக் கணக்கில் எடுக்காவிட்டால் அதுவே 2, 3, 4 என்று 9 ஆண்டாகிவிடும். இணைப்பால் அவளுக்கு மிச்சமாவது 2 ஆண்டு. நேராகப் பிளஸ் டூ அறிவியல் பிரிவு படித்து பி.இ. போனால் 6 ஆண்டுதானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்த வழியில் நடுவில் பணமில்லாமல் நின்றுபோனால் கையில் பிளஸ் டூ மார்க் ஷீட் மட்டும்தான் மிஞ்சும். இந்த வழியில் நான்காவது ஆண்டிலேயே டிப்ளமோ இருக்கிறது. வேலைக்குப் போய்விட்டு, தம்பி தங்கை கரையேறிய பிறகு, மறுபடி படிக்க வரலாம். கடல் வருமானத்தை நம்பிய வீட்டில் இந்த ஒரு ஆண்டு கூடுதல் பெரிய இழப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பத்தாவதோடு பள்ளியை விட்டு ஐடிஐ போனால் பிளஸ் டூ போச்சே என்று பயப்படுகிறவர்கள் பலர். பத்தாவதுக்குப் பிறகு 2 ஆண்டு ஐடிஐ முடித்து, பிளஸ் டூவின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பிளஸ் டூவுக்கு இணையான சான்றிதழ் தமிழ்நாடு அரசு தருகிறது. அதை வைத்துக் கலைக் கல்லூரிக்குக்கூடப் போகலாம். அதே சமயம், பொறியியல், மீன்வளம், வேளாண்மைப் படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும்தான். பத்தாவதோடு வெளியேறினால் அது கைவிட்டுப் போகும். எந்தப் பிள்ளைக்கு எது முக்கியம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கதவு இருப்பதாலேயே பிள்ளை உள்ளே நுழைந்து நிலைத்துவிடும் என்று சொல்ல முடியாது. நேரடி இரண்டாம் ஆண்டில் சேரும் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கணக்குப் பாடம். டிப்ளமோவின் முதலாம் ஆண்டில் பெரும்பாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம்தான் நடக்கும். அதைத் தாண்டி இரண்டாம் ஆண்டில் குதிப்பவர் முக்கோணவியலும் வகைநுண்கணிதமும் தெரிந்தவர் என்று எண்ணியே பாடம் நடத்துவார்கள். ஐடிஐயிலிருந்து வருபவருக்கு வெல்டிங்கில் கை சுத்தமாக இருக்கும். ஆனால் கரும்பலகையில் சமன்பாடு எழுதியதும் மனம் தளர்ந்துவிடும். முதல் செமஸ்டரில் இரண்டு மூன்று அரியர் விழும், வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒருநாள் வருவதை நிறுத்திவிடுவார்கள். வீட்டில் "அவனுக்குப் படிப்பு ஏறல" என்பார்கள். ஏறாதது படிப்பு அல்ல. பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவில் விட்டுப்போன ஒரு வருடக் கணக்கு அது.

அதனால் நல்ல கல்லூரியை அடையாளம் காண நான் முதலில் தேடுவது இதைத்தான். நேரடி இரண்டாம் ஆண்டு பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்கு வகுப்பு வைக்கிறார்களா? வைத்தால் எப்போது? வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நடத்தினால் மிக நல்லது. மாலையில் ஒரு மணி நேரம் என்றால், பாம்பன் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கடைசிப் பஸ் கிடைக்குமா என்பதும் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம். நல்ல பள்ளியும் இதில் தன் பங்கைச் செய்யும். தொழிற்பிரிவு மாணவருக்கு ஏன் இவ்வளவு கணக்கு என்று சுருக்கிவிடாமல், பாலிடெக்னிக்கின் முதலாம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கேற்பச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளியை விடாதீர்கள்.

அடுத்தது பட்டறை. அதைச் சேர்க்கை நாளில் போய்ப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எல்லாம் கழுவித் துடைத்து இருக்கும். சாதாரண வேலை நாளில் அனுமதி கேட்டுப் போங்கள். தரையில் இரும்புத் துருவலும் எரிந்து முடிந்த வெல்டிங் ராடு முனைகளும் கிடந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். மெஷின் பளபளவென்று உறை போட்டு நின்றால் அது பிள்ளைகளுக்காக நிற்கவில்லை. மாணவர்களின் செய்முறை நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி படம், ஒரே தேதி என்றால் போர்டைப் பார்த்து எழுதியது. அளவு தப்பி, அடித்துத் திருத்தி, மறுபடி செய்த விவரம் இருந்தால் அந்த நோட்டு பட்டறையில் எழுதப்பட்டது. தொழிற்பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். பாடம் அட்டவணையில் இருந்து ஆசிரியர் இடம் காலியாக இருந்தால் அந்த இரண்டு ஆண்டும் வீண்.

தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகளை டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய் செலவில் புதுப்பிக்கும் திட்டம் நடந்திருக்கிறது. ரோபோ, மின்வாகனம் போன்ற புது டிரேடுகள் அதில் வந்தன. நல்ல காரியம். இருந்தாலும் ஒரு டிரேடைத் தேர்ந்தெடுக்கும்போது அது நம் கரையில் எங்கே போய் நிற்கும் என்று பார்க்கத்தான் வேண்டும்.

நம் கரையில் என்ன வேலை இருக்கிறது? விசைப்படகு ஒவ்வொன்றிலும் டீசல் எஞ்சின் இருக்கிறது. பிடித்த மீன் கெடாமலிருக்க ஐஸ் கம்பெனி வேண்டும், இறால் ஏற்றுமதிக்குக் குளிர்பதனக் கிடங்கு வேண்டும். குளிர்பதன மெக்கானிக் இல்லாமல் இந்தத் தொழில் ஒருநாள்கூட ஓடாது. உப்புக் காற்றில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்ற பாடத்துக்குப் பாம்பனைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் கிடையாது. 1914ல் கட்டிய பழைய பாலத்துக்குப் பதிலாக, 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக மேலே தூக்கும் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. மோட்டார், இரும்புக் கயிறு, எதிர் எடை, துருத் தடுப்பு வண்ணம் என்று இயந்திரவியலும் மின் பொறியியலும் அதற்குள்ளே இருக்கின்றன. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் இருக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கம் மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் பாசி வளர்க்கும் பெண்கள் சுமார் 45 நாளுக்கு ஒருமுறை அறுவடை செய்கிறார்கள். திருவாடானை வட்டத்து வலமாவூரில் கடல்பாசிப் பூங்காவுக்கு 2023ல் அடிக்கல் நாட்டினார்கள்.

மண்டபத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1947ல் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையிடம் பல ஆண்டுகள் மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையிடம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபம் நிலையம் தொடர்கிறது. கடல் விராலைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்து 2010ல் வெற்றி கண்ட இடம் அது. இவ்வளவு அருகில் இப்படி ஒரு நிலையம் இருக்கும்போது, பக்கத்துப் பள்ளிகளின் தொழிற்பிரிவுப் பிள்ளைகள் அங்கே ஒரு வாரமாவது நின்று வேலை பழகினார்களா என்று கேட்பது நியாயம். பழகியிருந்தால் அந்தப் பள்ளி வெளியுலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

தடைக்காலத்தைத் தொடக்கத்தில் சொன்னேன். படகுகளைக் கரையேற்றி எஞ்சினைக் கழற்றிப் பிரிப்பதும், பலகை மாற்றுவதும், பைபர் பூசுவதும் அந்த 61 நாளில்தான். பள்ளிக்கூடங்களுக்கும் அப்போது விடுமுறை. படகுப் பட்டறைகளில் மாணவர்களை வேலை பழக வைக்க இதைவிடத் தோதான காலம் கிடையாது. நம் கரைக்கென்று தொழிற்கல்வியை யோசித்த பள்ளி, பயிற்சியை மே மாதத்தில் வைக்கும். வேறெங்கோ போட்ட அட்டவணையை அப்படியே எடுத்துக்கொண்ட பள்ளி, படகெல்லாம் கடலில் இருக்கும் மாதத்தில் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பும்.

கடல் சார்ந்தே படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குச் சிஃப்நெட் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. 1963ல் கொச்சியில் தொடங்கி, சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளை வைத்திருக்கிறார்கள். மீன்பிடிக் கப்பலைச் செலுத்தும் படிப்பு, மரைன் ஃபிட்டர் படிப்பு என்று பத்தாவது முடித்தவர்களுக்கு 2 ஆண்டுப் படிப்புகள் அங்கே உண்டு. அறிவியல் பிரிவில் பிளஸ் டூ முடித்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி போன்ற இடங்களில் மீன்வள அறிவியல் பட்டம் படிக்கலாம். மீனவர் பிள்ளைகளுக்கு அதில் தனி இடங்கள் உண்டு.

வெளியூர் வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் எத்தனை வீடுகள் வளைகுடாச் சம்பளத்தில் நிற்கின்றன! அங்கே போகிறவருக்கும் முறையான டிரேடு சான்றிதழ் இருந்தால் ஹெல்ப்பர் சம்பளத்தில் தொடங்க வேண்டியதில்லை.

பிறகு கேட்க வேண்டியது, போன பிள்ளைகள் எங்கே என்பது. "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று எண்ணிக்கையைத் தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் படித்த தொழிலிலேயே வேலையிலோ மேற்படிப்பிலோ இருக்கிறார்கள். 30 பேர் சேர்ந்து 10 பேர் முடித்து, அந்த 10 பேருக்கும் வேலை கிடைத்தாலும் நூறு சதவீதம் என்றுதான் எழுதுவார்கள். அமெரிக்கச் சட்டம், படிப்பை விட்டு வெளியேறிய பிறகு வரும் இரண்டாவது காலாண்டில், அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்தில், அந்த மாணவர் எங்கே இருக்கிறார் என்று கணக்கெடுக்கச் சொல்கிறது. நம் பள்ளிகளில் இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. பழைய மாணவர்களின் போன் நம்பர் ஒரு நோட்டில் இருந்து, ஆசிரியர் ஒருவர் வருடம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினால் போதும். அப்படி ஒரு நோட்டு இருக்கும் பள்ளியை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

அந்தச் சட்டம் கேட்கும் இன்னொரு கணக்கும் நமக்கு வேண்டும். பெண்கள் அதிகம் போகாத தொழில்களில் எத்தனை பெண்கள், ஆண்கள் அதிகம் போகாத தொழில்களில் எத்தனை ஆண்கள் என்பது. எலக்ட்ரீஷியன், குளிர்பதன வகுப்புகளில் பெண் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் தாயின் மகளுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெம்பு இருக்காதா என்ன? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் கலை அறிவியல் கல்லூரிக்கு மட்டும் உரியதல்ல. டிப்ளமோவுக்கும் ஐடிஐக்கும் அது உண்டு. பல தாய்மார்களுக்கு இந்த விவரம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐடிஐ என்றால் என்.சி.வி.டி. (தேசியத் தொழிற்பயிற்சிக் குழு) அல்லது எஸ்.சி.வி.டி. (மாநிலத் தொழிற்பயிற்சிக் குழு) சான்றிதழ், பாலிடெக்னிக் என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலும் மாநிலத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இணைப்பும். கப்பல் வேலைக்கான பயிற்சி என்றால் மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டி.ஜி. ஷிப்பிங் ஒப்புதல் அவசியம். ஒப்புதல் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் அவர்களின் இணையதளத்திலேயே கிடைக்கும். கரையோரத்தில் கப்பல் வேலை ஆசை காட்டி லட்சக்கணக்கில் பணம் கேட்கும் ஏஜெண்டுகள் நிறைய. பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மூன்று மாதம், ஆறு மாதச் சான்றிதழ் தரும் மற்ற மையங்களிலும் இந்தச் சான்றிதழை வைத்து மேலே எதில் சேரலாம் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

சரி, பக்கத்துப் பள்ளியில் தொழிற்பிரிவு இருக்கிறது, ஆனால் எந்தக் கல்லூரியோடும் தொடர்பில்லை என்றால் என்ன செய்வது? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். அருகிலுள்ள பாலிடெக்னிக் முதல்வரை ஒருமுறை பள்ளிக்கு அழைப்பது, நம் தொழிற்பாடத்துக்கு அங்கே எந்த டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு என்று எழுத்தில் வாங்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது, பிளஸ் ஒன் பிள்ளைகள் மாதம் ஒருநாள் அந்தக் கல்லூரிப் பட்டறையைப் பயன்படுத்த அனுமதி கேட்பது. இந்த மூன்றுக்கும் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியரின் ஒரு கடிதமும், அதைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்துப் பேச இரண்டு பெற்றோரும் இருந்தால் ஜூன் மாதச் சேர்க்கைக்கு முன்பே முடித்துவிடலாம்.